பியூப்ரினார்ஃபின்–நலாக்ஸோன் நாக்கடி மாத்திரை: வார்டில் எந்த அளவு உதவுகிறது?

வடசென்னை ஆஸ்பத்திரிகளில் சர்ஜரி வார்டிலோ மெடிசின் வார்டிலோ நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்கு இந்தக் கேஸ் புதிதல்ல. முழங்கை மடிப்பிலோ தொடை இடுக்கிலோ சீழ்க்கட்டி, காய்ச்சல், இருபத்தைந்தைத் தாண்டாத வயது. சேர்ந்த அன்று ராத்திரியே கொட்டாவி, மூக்கொழுகல், கை கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு. "ஒடம்பெல்லாம் முறுக்குது சிஸ்டர், வூட்டுக்குப் போறேன்" என்று ஆரம்பித்து, மறுநாள் மதியத்துக்குள் கையில் குத்திய வென்ஃப்ளானோடு (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) ஆள் காணாமல் போவார். கேஸ் ஷீட்டில் 'அப்ஸ்காண்டட்' என்று ஒரு வரி. ஆன்டிபயாடிக் இரண்டு டோஸோடு சரி.

அவரை ஓட வைப்பது ஓபியாய்டு (மார்ஃபின், ஹெராயின் வகை மருந்து) நின்றுபோனதால் வரும் உடல் அவஸ்தை. அதை ஒரு மணி நேரத்துக்குள் தணிக்கத் தொடங்கும் மாத்திரை நம் நாட்டிலேயே தயாராகிறது. மாத்திரைக்கு ஐந்தில் நாலரை கொடுக்கலாம். அது ராத்திரி பத்து மணிக்கு ஒரு பொது வார்டுக்கு வந்து சேரும் விதத்துக்கு இரண்டு கொடுத்தாலே அதிகம்.

முதலில் மாத்திரை. பெரியதில் பியூப்ரினார்ஃபின் 2 மி.கி., நலாக்ஸோன் 0.5 மி.கி.; சின்னதில் 0.4-க்கு 0.1. விகிதம் நாலுக்கு ஒன்று. பியூப்ரினார்ஃபினும் ஓபியாய்டுதான். மார்ஃபின், ஹெராயின், டேபென்டடால் எல்லாம் மூளையில் போய் உட்காரும் அதே இடத்தில், அதாவது ஏற்பியில்தான் இதுவும் உட்காரும். ஆனால் அரைகுறையாகத்தான் அதைத் தூண்டும். உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்காது. அதனால் அவஸ்தை அடங்குகிறது, பழக்கப்பட்ட உடம்புக்குக் கிறக்கம் வருவதில்லை, மேலே வேறு சரக்கு போட்டாலும் பெரிதாக ஏறுவதில்லை. டோஸ் கூடும்போது மூச்சு மட்டுப்படுவதும் ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். இதே வேலைக்குக் கொடுக்கப்படும் மெத்தடோனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கூட இருக்கும் நலாக்ஸோன் ஓபியாய்டை முறிக்கும் மருந்து; நாக்குக்கு அடியில் சொற்பமாகவே உறிஞ்சப்படும். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால்தான் வேலையைக் காட்டும். 1990-களில் சென்னையில் பியூப்ரினார்ஃபின் ஊசி மருந்தையே போதைக்குப் போட்டுக்கொண்ட வரலாறு உண்டு என்பதால், இந்தக் காவல் வீண் ஏற்பாடு அல்ல.

யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்பது அடுத்த கேள்வி. பிரவுன் ஷுகர் என்கிற மட்டரக ஹெராயின் மட்டும்தான் என்று நினைத்தால் பாதிப் பேரைத் தவறவிடுவோம். சில வருடங்களாகச் சென்னைப் போலீஸ் பறிமுதல் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் 'வலி மாத்திரை' டேபென்டடால்தான். அதைப் பொடித்துக் கலக்கி நரம்பில் போடுகிறார்கள். மாத்திரையில் உள்ள மாவும் டால்க்கும் கரைவதில்லை; நரம்பை அடைக்கின்றன, நுரையீரலில் போய்த் தங்குகின்றன. தவறித் தமனியில் ஏறினால் விரல் கறுத்து, கடைசியில் விரலை எடுக்க வேண்டிவரும்.

லேப் விஷயத்தில் இங்கே ஒரு பெரிய ஓட்டை. மார்ஃபினைத் தேடும் சாதாரண யூரின் ஸ்ட்ரிப்பில் டேபென்டடாலும் தெரியாது, இன்னொரு ஓபியாய்டு வலி மருந்தான டிரமடாலும் தெரியாது, பியூப்ரினார்ஃபினும் தெரியாது. 'நெகட்டிவ்' என்று வந்த துண்டுச் சீட்டைக் காட்டி, "பொய் சொல்றான்" என்று முடிவு கட்டுவது அறியாமை. கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் ஒரே வழி. அம்மாவை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, குரலை இறக்கி, ஐந்து கேள்வி: என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, முழுங்குவதா ஊசியா, கடைசியாக எத்தனை மணிக்கு, கூடத் தூக்க மாத்திரையோ குடியோ உண்டா. "போலீஸுக்குச் சொல்ல இல்ல தம்பி, மருந்து சரியா குடுக்கத்தான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பதில் நேராக வரும். சொந்த உபயோகத்துக்காகப் பிடிபட்டவரோ, சிறு அளவு வைத்திருந்ததாக வழக்குள்ளவரோ தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற, போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில் வழி இருக்கிறது. பயந்து நிற்கும் குடும்பத்துக்கு இதையும் சொல்லலாம்.

இந்த மாத்திரையின் வெற்றி தோல்வி முழுவதும் முதல் டோஸின் நேரத்தில் இருக்கிறது. வேறு ஓபியாய்டு இன்னும் ஏற்பியில் இருக்கும்போதே இதைக் கொடுத்தால், அதைத் தள்ளிவிட்டு இது உட்காரும். முழுத் தூண்டுதல் சட்டென்று அரைகுறையாகும். அரை மணி நேரத்தில் வாந்தி, பேதி, நடுக்கம், வியர்வை எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை இப்படி அடிபட்டவர் ஜென்மத்துக்கும் இந்த மாத்திரையைத் தொட மாட்டார். வெளியே போய் நாலு பேரிடமும் சொல்வார். ஆகவே கடைசி டோஸ் எப்போது என்ற கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம். ஹெராயின், சாதாரண டேபென்டடால் என்றால் 12 மணி நேரம். மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகையை முழுங்கியிருந்தால் 24 மணி நேரம்; மெத்தடோன் என்றால் இரண்டு, மூன்று நாள்கூட ஆகலாம். வார்டில் ஏற்கெனவே வலிக்கு டிரமடாலோ மார்ஃபினோ போட்டிருந்தால் கடிகாரம் அங்கிருந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும். கேஷுவாலிட்டியில் போட்ட ஊசியைப் பார்க்காமல் வார்டில் மாத்திரை ஆரம்பிப்பது அடிக்கடி நடக்கும் கோளாறு.

கடிகாரத்தை மட்டும் நம்பவும் கூடாது. ஓபியாய்டு அவஸ்தையை அளக்கும் 'கௌஸ்' (COWS) என்கிற பதினோரு அம்ச மதிப்பெண் அட்டவணையை ஒரு சிஸ்டர் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம்: நாடித்துடிப்பு, வியர்வை, நிலைகொள்ளாமை, கண்மணி, எலும்பு மூட்டு வலி, மூக்கு–கண் ஒழுகல், வயிறு, கை நடுக்கம், கொட்டாவி, பதற்றம், மயிர்க்கூச்சு. 5 முதல் 12 வரை லேசு. 13 முதல் 24 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையை நெருங்கும்; 36-ஐத் தாண்டினால் கடுமை. சந்தேகமில்லாமல் ஆரம்பிக்க 12-ஐ ஒட்டி வந்தால் நல்லது. ஊசிப் பழக்கமுள்ளவருக்கு 8-லேயே ஆரம்பிப்பவர்களும் உண்டு. "மாத்திரைக்காக நடிக்கிறான்" என்கிற பேச்சுக்கும் இந்த அட்டவணையிலேயே பதில் இருக்கிறது. முன்கையைத் தடவினால் கோழித்தோல் மாதிரி சிலிர்த்து நிற்கிற மயிரையும், டியூப்லைட் வெளிச்சத்திலும் சுருங்காமல் விரிந்து கிடக்கிற கண்மணியையும் யாராலும் நடித்துக் கொண்டுவர முடியாது. ஒரு எச்சரிக்கை: காய்ச்சலும் செப்சிஸும் (தொற்று உடம்பெங்கும் பரவும் நிலை) நாடியையும் வியர்வையையும் ஏற்றிவிடும். கண்மணி, கொட்டாவி, மயிர்க்கூச்சு மூன்றுக்கும் அதிக மதிப்புக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மதிப்பெண் வந்துவிட்டால் 2 மி.கி.; உடம்பு நன்றாகப் பழகியவர் என்றால் 4. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, அடங்காவிட்டால் இன்னொரு 2 முதல் 4. முதல் நாளில் 8 மி.கி. பெரும்பாலும் போதும், தேவைப்பட்டால் மேலே போகலாம். இரண்டாம் நாள், முந்தின நாள் மொத்தத்தைக் காலையில் ஒரே டோஸாகக் கொடுத்து, ராத்திரி அவஸ்தை மிச்சமிருந்தால் ஏற்றிக்கொள்ளலாம். நிறையப் பேர் 8-க்கும் 16-க்கும் நடுவில் நிலைகொள்வார்கள். அதிகம் நடக்கும் தவறு, அளவுக்கு மீறிக் கொடுப்பது அல்ல, 2 மி.கி. கொடுத்துவிட்டு "மருந்து கொடுத்தாச்சு" என்று உட்கார்ந்துவிடுவதுதான். அரைவயிறுக்கு மருந்து கொடுத்தவரும் ஓடத்தான் செய்வார்.

முன்கூட்டியே கொடுத்து அவஸ்தை கிளம்பிவிட்டால் மாத்திரையை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாமல் இன்னும் 2 முதல் 4 மி.கி. ஏற்றி, படபடப்புக்குக் குளோனிடின், வாந்திக்கு ஆன்டான்செட்ரான் சேர்த்தால் சில மணி நேரத்தில் அடங்கும்.

சரி, மாத்திரையை வாயில் வைக்கும் அந்தப் பத்து நிமிடம். விழுங்கினால் ஈரல் பெரும்பகுதியை அழித்துவிடும். நாக்குக்கு அடியில் கரைந்தால்தான் மருந்து. காய்ச்சல்காரருக்கு வாய் காய்ந்திருக்கும். முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டும். பிறகு மாத்திரையை நாக்கின் அடியில், நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் வைக்க வேண்டும். இரண்டு மாத்திரை என்றால் பக்கத்துக்கு ஒன்று. 5 முதல் 10 நிமிடம் பேச்சு, தண்ணீர், பீடி எதுவும் கூடாது. கசக்கும், எச்சில் ஊறும். ஊறிய எச்சிலை உடனே விழுங்காமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். கடைசியில் டார்ச் அடித்து நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்ன ஓரத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளைத் துகள் மிச்சமிருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். வாயில் அடக்கிவைத்து, வெளியே போய்த் துப்பி, காயவைத்து விற்பது நடக்கிற விஷயம்தான். அதைத் தடுக்க மாத்திரையைக் கரகரவென்று பொடித்து நாக்கடியில் போடும் வழக்கம் பல மையங்களில் இருக்கிறது. சீக்கிரம் கரையும், எடுத்துப்போகவும் முடியாது. ஆனால் இதைத் திருடனைப் பிடிக்கிற தோரணையில் செய்தால் எல்லாம் கெட்டுவிடும். பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கேட்கிற மாதிரி "வாயைத் திற, ஏமாத்தாத" என்று சொல்லும் வார்டில் நாலாம் நாள் யாரும் தங்குவதில்லை.

கரைந்து முடிந்ததும் வாயை நன்றாகக் கொப்புளிக்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் பல் சொத்தை விழும் ஆபத்து உண்டு. யாருமே இதைச் சொல்லி அனுப்புவதில்லை.

கால் முறிவோ பெரிய ஆபரேஷனோ ஆனவருக்கு மார்ஃபினை நிறுத்திவிட்டு 12 மணி நேரம் காத்திருக்க முடியாது. 0.4 மி.கி. மாத்திரைக்கு இங்கேதான் மவுசு. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகர மருத்துவர்கள் 2016-ல் எழுதிய முறை இது: மற்ற ஓபியாய்டை நிறுத்தாமல், பக்கத்திலேயே மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றுவது. நம் மாத்திரை அளவுக்கு மாற்றினால், முதல் நாள் 0.4 ஒரு வேளை, மறுநாள் 0.4 இரு வேளை, பிறகு 0.8 இரு வேளை, 2 இரு வேளை, 4 இரு வேளை. அதன்பின் மார்ஃபினை நிறுத்திவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாக இடம்பிடிப்பதால் அவஸ்தை கிளம்புவதில்லை. பொறுமை வேண்டும், கேஸ் ஷீட்டில் தெளிவான அட்டவணை வேண்டும். ஒரு ஷிஃப்ட் மாறும்போது ஆர்டர் தொலைந்தால் மொத்தமும் போயிற்று.

ஏற்கெனவே இந்த மாத்திரையில் இருப்பவர் ஆபரேஷனுக்கு வந்தால், நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டு அறுப்பது பழைய வழக்கம். வலியும் கூடும், பழைய பழக்கமும் திரும்பும். அவஸ்தையை ஒரு நாள் முழுக்கத் தாங்கும் பியூப்ரினார்ஃபின், வலியை 6 முதல் 8 மணி நேரம்தான் தாங்கும். எனவே ஒரே வேளை 12 மி.கி.யை மூன்று 4 மி.கி.யாகப் பிரித்தாலே வலி ஓரளவு குறையும். பாராசிட்டமால், டைக்ளோஃபினாக், நரம்பு பிளாக், கடைசியில் வழக்கத்தைவிடக் கூடுதல் அளவு மார்ஃபின். "அடிக்ட்டுக்கு எதுக்கு வலி மருந்து" என்று கேட்பவருக்கு, பழகிய உடம்பு வலியைக் கூடுதலாக உணரும் என்பது தெரியாது.

கூட்டு மருந்துகளில் மூன்று இடம் கவனிக்க வேண்டும். முதலாவது நைட்ரஸிபாம் வகைத் தூக்க மாத்திரையும் குடியும். இவற்றோடு பியூப்ரினார்ஃபின் சேர்ந்தால், மேலே சொன்ன மூச்சுப் பாதுகாப்பு பலிக்காது. அதற்காகத் தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். அதை இந்த மாத்திரை தடுக்காது. டயஸிபாமோ லோரஸிபாமோ கணக்காகக் கொடுத்துக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், மூச்சையும் ஆக்ஸிஜன் அளவையும் பார்த்துக்கொண்டு. இரண்டாவது, சீழ்க்கட்டிக்கு நாம் எழுதும் லினஸோலிட். டேபென்டடால், டிரமடால் இன்னும் உடம்பில் இருக்கும்போது இது சேர்ந்தால் செரடோனின் என்ற மூளை ரசாயனம் மிகுந்து, காய்ச்சல், நடுக்கம், கணுக்கால் துள்ளல் எல்லாம் வரும். பார்க்கிறவர் அதை ஓபியாய்டு அவஸ்தை என்று நினைத்துவிடுவார். கடைசியாக எதை, எப்போது போட்டார் என்று தெரிந்துகொண்டு லினஸோலிட் எழுதுங்கள். முடிந்தால் வேறு ஆன்டிபயாடிக்.

மூன்றாவது, வடசென்னையில் அதிகம் கவனிக்க வேண்டியது: டி.பி. மருந்து. ரிஃபாம்பிசின், ஈரலில் பியூப்ரினார்ஃபினை அழிக்கும் நொதியைத் தூண்டிவிடும். 8 மி.கி.யில் நன்றாக இருந்தவர், டி.பி. மருந்து ஆரம்பித்து ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி கொட்டாவி விடுவார், தூக்கம் கெடும், கால் குடையும். "பழையபடி ஆரம்பிச்சுட்டான்" என்று திட்டுவார்கள். பழக்கம் திரும்பியிருக்காது, ரத்தத்தில் மருந்து குறைந்திருக்கும். டோஸை ஏற்றி இரண்டு வேளையாகப் பிரித்தால் சரியாகிவிடும். டி.பி. கோர்ஸ் முடிந்து ரிஃபாம்பிசின் நின்றதும் ஏற்றியதைப் படிப்படியாக இறக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் தூங்கி வழிவார். டி.பி. மருந்தைத் தண்டையார்பேட்டையில் ஒரு இடத்திலும், இந்த மாத்திரையை ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் வேறு இடத்திலும் வாங்குகிறவருக்கு, இரண்டு சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

ஈரல் அதிகம் கெட்டவருக்கு நலாக்ஸோன் கலக்காத மாத்திரை நல்லது. கர்ப்பிணிக்கும் பழக்கத்தைத் திடீரென்று நிறுத்துவதைவிடப் பியூப்ரினார்ஃபினில் வைத்திருப்பதே பாதுகாப்பு. பிறந்த குழந்தையைச் சில நாள் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

போட்டியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளோனிடின் 0.1 மி.கி. வியர்வையையும் படபடப்பையும் குறைக்கும்; பி.பி. 90-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும், செப்சிஸ் உள்ளவருக்கு அதனால் ஆபத்து. ஏக்கத்தை அது தொடாது. டிரமடாலை வைத்துக் குறைப்பது தள்ளிப்போடும் வேலை. மெத்தடோன் நல்ல மருந்து, ஆனால் ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும், கிடைக்கும் இடம் குறைவு. ஓபியாய்டை முழுவதும் தடுக்கும் நால்ட்ரெக்ஸோனுக்கு ஏழு முதல் பத்து நாள் ஓபியாய்டு இல்லாத உடம்பு வேண்டும். வார்டில் முதல் வாரம் அதைக் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இனி குறை. மருந்தைப் பற்றிய குறை அல்ல, அது பூட்டிக் கிடக்கும் இடத்தைப் பற்றியது. இந்த மாத்திரை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது. போதைமீட்பு மையங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும்தான் வரும். மனநலத் துறையின் பூட்டிய அலமாரியில், பதிவேட்டில் கையெழுத்தோடு இருக்கும். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் அந்தத் துறையின் ஓபி மதியத்தோடு முடிகிறது. அவஸ்தை ஆரம்பிப்பதோ ராத்திரி. 'சைக்கியாட்ரி ஒப்பீனியன்' என்று எழுதி அனுப்பிய தாள் மறுநாள் பதினோரு மணிக்குத் திரும்பி வரும்போது படுக்கை காலி. 2 மி.கி. மாத்திரையில் பத்தும் 0.4-ல் பத்தும் கேஷுவாலிட்டியிலோ ஐ.சி.யூ.விலோ இரட்டைப் பூட்டில் வைத்து, டியூட்டி டாக்டர் ஆரம்பிக்க அனுமதித்து, காலையில் மனநலத் துறை பார்த்து உறுதிசெய்யட்டும். மார்ஃபின் ஆம்பூலை இப்படித்தானே வைத்திருக்கிறோம்?

கூடவே நலாக்ஸோன் ஆம்பூல், 0.4 மி.கி. ஒரு மி.லி.யில். மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போய், கண்மணி ஊசிமுனையாகி, ஆள் எழாமல் கிடந்தால் முதலில் மாஸ்க்கும் பேகும் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். பிறகு ஆம்பூலை 9 மி.லி. சலைனில் கலந்து ஒவ்வொரு மி.லி.யாக, இரண்டு மூன்று நிமிட இடைவெளியில், மூச்சு பத்தைத் தாண்டும் வரை. மூச்சே இல்லாதவருக்கு இந்த நிதானம் வேண்டாம். முழு ஆம்பூலும் போகலாம். முழுசாக விழிக்க வைப்பது நோக்கமல்ல; விழித்தால் அவஸ்தையோடு எழுந்து ஓடுவார். நலாக்ஸோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், உள்ளே போன சரக்கு அதைவிட நேரம் நிற்கும். எழுந்து உட்கார்ந்தவரை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஒரே ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் பார்த்துவிட வேண்டும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஹெபடைடிஸ் சி மாத்திரை இலவசம். பெரும்பாலானோருக்கு 12 வாரம். ஊசிப் பழக்கம் இருக்கிறது என்பதற்காக அதை மறுப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

டிஸ்சார்ஜில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். ஒரு வாரம் வார்டில் சரக்கில்லாமல் இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மாத்திரையையும் நிறுத்தி அனுப்பினால், வெளியே போய் முன்பு போட்ட அளவையே போடுவார். மூச்சு நின்று சாவது அப்படித்தான். எனவே சீழ் ஆறியதும் மாத்திரையை முடித்துவைப்பது தவறான கணக்கு. மாதங்கள், வருடங்கள் தொடரலாம். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் கூடை தூக்குகிறவரைத் தினமும் காலை ஓபி வரிசையில் நிற்கச் சொன்னால் பத்து நாளில் நின்றுவிடுவார். வீட்டில் ஒருவர் பொறுப்பேற்று, சில நாளுக்கு மொத்தமாகக் கொடுக்க முடியுமா என்று மையத்தில் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். தமிழக அரசு 2025-ல் தொடங்கிய 'கலங்கரை' மையங்கள், அரசு மனநலத் துறை ஓபிகள், 14446 உதவி எண் என்று வழிகள் இருக்கின்றன. கேட்கப் போகும் அம்மாவின் கையில் எண்ணை எழுதிக் கொடுத்தால் போதாது. வார்டிலிருந்தே போன் போட்டு நாளும் நேரமும் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்க வேண்டியவை: கடைசி டோஸின் அளவு, தேதி, மணி; நலாக்ஸோன் கலந்ததா கலக்காததா; ஆரம்பித்த நாளின் கௌஸ் மதிப்பெண்; டி.பி. மருந்தும் தூக்க மாத்திரையும் உண்டா; அடுத்த டோஸ் எங்கே, எப்போது. 'டி-அடிக்‌ஷனுக்கு அனுப்பப்பட்டது' என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு அடுத்த டாக்டரால் அன்றைக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுக்க முடியாது.